நிரப்பிச் சேமித்த பிடிஎஃப் படிவம் அங்கே போனதும் காலியாகத் திறக்கிறது, ஏன்?

அரைத்தூக்கம்

வணக்கம். இரண்டு நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், இனி என்னால் முடியாது.

ஒரு பயிற்சி வகுப்பில் சேர ஆறு பக்க பிடிஎஃப் விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள். என் கணினியில் குனு/லினக்ஸ் மட்டும்தான். எவின்ஸ் என்ற பிடிஎஃப் காட்டும் மென்பொருளில் திறந்தேன், கட்டங்களில் தட்டச்சு செய்ய முடிந்தது, ஆறு பக்கத்தையும் நிரப்பிச் சேமித்து மூடிவிட்டு, சந்தேகப் பிராணி என்பதால் மறுபடி திறந்தும் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் பதில் வருகிறது: "வெற்றுப் படிவத்தை அனுப்பியிருக்கிறீர்கள்."

தப்பான கோப்பை இணைத்துவிட்டேனோ என்று அனுப்பிய மின்னஞ்சலுக்குள்ளேயே போய் இணைப்பை இறக்கித் திறந்தேன். நிரம்பித்தான் இருக்கிறது. திரும்ப அனுப்பினேன். திரும்ப அதே பதில், இந்த முறை கொஞ்சம் சூடாக, கூடவே ஒரு திரைப்பிடிப்பு. அடோபி ரீடரில் என் படிவம் திறந்திருக்கிறது, உண்மையிலேயே ஒரு எழுத்துகூட இல்லை.

ஒரே கோப்பு எனக்கு நிரம்பியும் அவர்களுக்குக் காலியாகவும் எப்படித் தெரியும்? காசு கொடுத்து மென்பொருள் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தாள்கிழிப்பவன்

பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் இருக்கிற இடத்தில் "பிடிஎஃப்பாகச் சேமி" என்பதைத் தேர்ந்தெடுத்து, வருகிற கோப்பை அனுப்புங்கள். நான் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். வேலை முடிந்தது.

நேற்றுவந்தவள்

இணையத்தில் இலவசமாக பிடிஎஃப் நிரப்பித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றனவே? ஏற்றி, நிரப்பி, இறக்கினால் போதும். எதையும் நிறுவவே வேண்டாம்.

பென்குயின்மாமா

@நேற்றுவந்தவள் அந்தப் படிவத்தில் பிறந்த தேதி, முகவரி, அடையாள எண், கையெழுத்து எல்லாம் இருக்கும். அதை முகம் தெரியாத ஒரு சர்வரில் கொண்டுபோய் வைப்பதைவிடத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பலாம். உணவுப் பட்டியலை நிரப்புவதற்கு வேண்டுமானால் அந்தத் தளங்கள் சரி. அப்புறம் இந்தத் தளங்கள் இலவசம்தான், கட்டற்றவை அல்ல. காசு கேட்கவில்லை என்பதும், உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கலாம் என்பதும் வேறு வேறு.

@தாள்கிழிப்பவன் நீங்கள் சொல்வது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அச்சடித்த பிடிஎஃப்பில் புலங்கள் (நிரப்பும் கட்டங்கள்) செத்துவிடும், வெறும் படம் போலத்தான் மிஞ்சும். பெறுபவர்கள் அதிலிருந்து விவரங்களைத் தானாக உருவுகிறார்கள் என்றால் இவருடைய கோப்பிலிருந்து ஒன்றும் வராது. கடைசி வழியாக வைத்துக்கொள்வோம்.

@அரைத்தூக்கம் முதலில் நோய் என்னவென்று பார்த்துவிட்டு மருந்துக்குப் போகலாம். டெர்மினலைத் திறந்து பிடிஎஃப்இன்ஃபோ என்ற கட்டளைக்குப் பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பிடிஎஃப்பைக் கையாளும் பாப்ளர் கருவிகளோடு வருவது, பெரும்பாலும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். வரிசையாகச் சில வரிகள் வரும். அதில் ஃபார்ம் என்று தொடங்கும் வரியில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்று இருக்கலாம், அக்ரோஃபார்ம் என்று இருக்கலாம், எக்ஸ்எஃப்ஏ என்று இருக்கலாம். அதை மட்டும் சொல்லுங்கள். நிரப்பாத மூலக் கோப்பை வைத்துப் பாருங்கள்.

பழையபெட்டி

பதில் வருவதற்குள் என் கதை. ரொம்ப வருடத்துக்கு முன்னால் ஓக்குலர் என்ற இன்னொரு பிடிஎஃப் மென்பொருளில் இப்படித்தான் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பி, அவர்கள் காலி என்று சொல்லி, நான் சத்தம் போட்டு, கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையது. அப்போதெல்லாம் ஓக்குலர் நீங்கள் தட்டியதை பிடிஎஃப்புக்குள் எழுதாது. வீட்டுக் கோப்புறையில் ஒரு மறைவான இடத்தில் தனிக் கோப்பாகப் போட்டுவைக்கும். நீங்கள் அதே கணினியில் திறக்கும்போது இரண்டையும் சேர்த்துக் காட்டும், நீங்களும் நிம்மதியாக அனுப்பிவிடுவீர்கள். போவது வெறும் மூலக் கோப்பு! 2017 டிசம்பரில் வந்த 1.3 பதிப்பில்தான் அந்தப் பழக்கத்தை விட்டார்கள். இப்போது சேமி என்றால் கோப்புக்குள்ளேயே சேமிக்கிறது. இணையத்தில் இன்னும் அந்தப் பழைய புலம்பல்கள் கிடக்கின்றன, அவற்றைப் படித்துவிட்டு ஓக்குலரைத் திட்டாதீர்கள்.

உங்கள் கோளாறு அது இல்லை. அனுப்பிய இணைப்பையே இறக்கிப் பார்த்திருக்கிறீர்கள் என்றாலும், அதே கணினியில்தானே பார்த்தீர்கள் என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. எவின்ஸ் கோப்புக்குள்தான் எழுதும், அதனால் விட்டுவிட்டேன்.

அரைத்தூக்கம்

பார்த்துவிட்டேன். ஃபார்ம் வரியில் எக்ஸ்எஃப்ஏ என்று இருக்கிறது. அதற்கடுத்த ஜாவாஸ்கிரிப்ட் வரியில் இல்லை என்று இருக்கிறது. இது நல்லதா கெட்டதா?

பென்குயின்மாமா

கெட்டது, ஆனால் தெரிந்த கெட்டது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் இனி எந்தப் படிவம் வந்தாலும் எதைக் கையில் எடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

பிடிஎஃப்பில் படிவம் வைக்க இரண்டு முறைகள் இருக்கின்றன. பழையது அக்ரோஃபார்ம், 1996-இல் வந்த பிடிஎஃப் 1.2-இலிருந்து இருக்கிறது. எவின்ஸ், ஓக்குலர், ஃபயர்பாக்ஸ், குரோமியம் எல்லாவற்றுக்கும் இது தெரியும். இரண்டாவது எக்ஸ்எஃப்ஏ. அது பிடிஎஃப் உலகத்துக்கு வெளியே பிறந்தது, எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதுவது. 2003-இல் பிடிஎஃப் 1.5 வந்தபோது இதையும் உள்ளே கொண்டுவந்து செருகினார்கள். பிடிஎஃப் தரத்தில் இதன் முழு விவரம் எப்போதுமே இருந்ததில்லை, அது தனி ஆவணம். 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0-இல் இதைக் கைவிட வேண்டியது என்று அறிவித்தும் விட்டார்கள். ஆனால் அதற்குள் ஊரெல்லாம் இந்தப் படிவங்கள் பரவிவிட்டன, அவற்றை யாரும் புதிதாகச் செய்யப்போவதில்லை.

எக்ஸ்எஃப்ஏவிலும் இரண்டு ரகம். ஒன்றைத் திறந்தவுடனே தெரிந்துவிடும், "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் வரும், நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. அது கணினி மெதுவாக இருப்பதால் இல்லை. அந்தப் பக்கம்தான் பிடிஎஃப்புக்குள் உண்மையில் இருக்கிற ஒரே பக்கம், படிவம் முழுக்க எக்ஸ்எம்எல்லில் உட்கார்ந்திருக்கிறது.

உங்களுடையது மற்ற ரகம், இதுதான் ஆளை ஏமாற்றும். ஒரே படிவம் உள்ளே இரண்டு முறை இருக்கிறது: அக்ரோஃபார்மாக ஒன்று, எக்ஸ்எஃப்ஏவாக ஒன்று. எவின்ஸ் முதலாவதை மட்டும் பார்த்தது, அதில் எழுதியது, அதையே உங்களுக்குத் திரும்பக் காட்டியது. அடோபி ரீடர் எக்ஸ்எஃப்ஏ இருந்தால் அதைத்தான் பார்க்கும். அங்கே யாரும் எதுவும் எழுதவில்லை, அதனால் காலி. ஒரு வீட்டுக்கு இரண்டு கணக்கு நோட்டு, நீங்கள் எழுதியது ஒன்றில், அவர்கள் புரட்டியது இன்னொன்றை. நீங்களும் பொய் சொல்லவில்லை, அவர்களும் பொய் சொல்லவில்லை.

இரண்டு வழி இருக்கிறது. சுலபமானது ஃபயர்பாக்ஸ். நிரப்பாத மூலக் கோப்பை ஃபயர்பாக்ஸில் திறந்து நிரப்பி, மேலே இருக்கும் பதிவிறக்கக் குறியை அழுத்திச் சேமியுங்கள் (பிரிண்ட் அல்ல, பதிவிறக்கம்!). அது சேமிக்கும்போது எக்ஸ்எஃப்ஏ பக்கத்து நோட்டிலும் மதிப்புகளை எழுதும். 2021 அக்டோபரில் வந்த 93-ஆம் பதிப்பிலிருந்து அந்த "காத்திருக்கவும்" ரகத்தைக்கூடத் திறக்கிறது, ஆக ஓரளவு புதிய பதிப்பு இருந்தால் போதும்.

இரண்டாவது, எக்ஸ்எஃப்ஏவைப் பிய்த்து எறிவது. பிடிஎஃப்டிகே என்ற கட்டளைக் கருவியில் டிராப் எக்ஸ்எஃப்ஏ என்று ஒரு விருப்பம் இருக்கிறது, இதற்காகவே வைத்தது. அது போனபின் மிஞ்சுவது சுத்தமான அக்ரோஃபார்ம், எவின்ஸில் நிரப்பினாலும் அடோபியில் தெரியும். ஆனால் "காத்திருக்கவும்" ரகத்தில் இதைச் செய்துவிடாதீர்கள், அங்கே எக்ஸ்எஃப்ஏவை எடுத்தால் படிவமே போய்விடும்.

தாள்கிழிப்பவன்

இவ்வளவு படித்தபிறகும் பிரிண்ட் கொடுப்பதுதான் எனக்கு எளிதாகத் தெரிகிறது 😄

நேற்றுவந்தவள்

மாமா, சர்வர் விஷயம் புரிந்தது, நன்றி. பிடிஎஃப்டிகே நிறுவப் போனேன், வேறு வேறு பேரில் இரண்டு மூன்று இருக்கிறதே, எது?

பழையபெட்டி

பெயரில் ஜாவா என்று இருப்பதை எடுங்கள். பழைய பிடிஎஃப்டிகே ஜிசிஜே என்ற கருவியை நம்பி இருந்தது. ஜிசிஜே, ஜிசிசி என்ற நிரல்மாற்றித் தொகுப்பின் ஒரு பகுதி. 2017-இல் ஜிசிசி 7 வந்தபோது ஜிசிஜேயைத் தூக்கிவிட்டார்கள், அதோடு பழைய பிடிஎஃப்டிகேயைக் கட்டவே முடியாமல் பல லினக்ஸ் வழங்கல்களிலிருந்து காணாமல் போனது. அப்புறம் ஒருவர் முழுக்க ஜாவாவுக்கு மாற்றி எழுதிக் காப்பாற்றினார். கட்டளைகள் அதேதான்.

அரைத்தூக்கம்

மாமா, உங்களுக்குக் கோயில் கட்டலாம். ஃபயர்பாக்ஸில் முதலிலிருந்து நிரப்பினேன் (மூன்றாவது முறை, இப்போது என் முகவரி எனக்கே சலித்துவிட்டது). இன்னும் அனுப்பவில்லை, தோழி ஒருத்தியின் கணினியில் அடோபி ரீடர் இருக்கிறது, அவளுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் தெரிகிறதாம்!

எல்லாம் என்றால், ஒன்றைத் தவிர. "பெயர், தாய்மொழியில்" என்று ஒரு கட்டம். தமிழில் எழுதினேன். தட்டும்போது அழகாக வந்தது. சேமித்த கோப்பை ஓக்குலரில் திறந்தால் அங்கே வெறும் சதுரங்கள். தோழியின் திரையில் எழுத்து வருகிறது, ஆனால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. என் பெயரை எனக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்தாணி

இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இது என் பேட்டை என்பதால் வருகிறேன்.

ஒரு புலத்துக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று நீங்கள் தட்டிய மதிப்பு. மற்றது அந்த மதிப்பு பக்கத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்று வரைந்துவைத்த தோற்றம். மதிப்பு யூனிகோடில் சேமிக்கப்படுகிறது, அதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. தோற்றத்தில்தான் வம்பு. படிவம் செய்தவர் அந்தப் புலத்துக்கு ஒரு எழுத்துருவை ஒதுக்கியிருப்பார், பத்தில் ஒன்பது முறை அது ஹெல்வெடிகா, அதில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் தன் புத்திக்கு எட்டிய மாற்று எழுத்துருவைத் தேடும். கிடைக்காவிட்டால் சதுரம். கிடைத்தாலும் கதை முடியவில்லை, தமிழில் கொம்பு யூனிகோடு வரிசையில் மெய்க்குப் பின்னால் இருக்கும், வரையும்போது முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு எழுத்துக்கோப்பு எந்திரம் வேண்டும். சாதாரண ஆவணத்தில் எல்லாரும் அதைச் செய்கிறார்கள், படிவப் புலத்துக்குள் பல மென்பொருள்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. உலகத்தில் பாதி எழுத்துகளுக்கு இதே கதிதான், நாம் மட்டும் இல்லை.

கண்ணுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்றால் ஜர்னல் பிளஸ் பிளஸ் இருக்கிறது. பிடிஎஃப்பைப் பின்னணியாக வைத்து மேலே எழுதலாம். அது பாங்கோ என்ற எழுத்துக்கோப்புக் கருவி வழியாக எழுத்தைக் கோப்பதால் தமிழ் பிசகாமல் வரும். ஒரு எச்சரிக்கை, அங்கே சும்மா சேமி என்றால் அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும், அனுப்ப வேண்டியதைத் தனியாக பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். நான் ஒருமுறை சொந்த வடிவக் கோப்பை அனுப்பிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன். ஆனால் இது தாளின்மேல் பேனாவால் எழுதுவது மாதிரி, புலத்துக்குள் எதுவும் போகாது.

தயவுசெய்து லிப்ரெஆபிஸ் டிராவில் படிவத்தைத் திறந்து திருத்தாதீர்கள். தமிழ் நன்றாக வரும், ஆனால் படிவத்தின் மற்ற வரிகள் துண்டு துண்டாக உடைந்து, எழுத்துரு மாறி, கோடுகள் நகர்ந்து வேறு படிவமாகிவிடும்.

கட்டங்களின்காவலர்

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். படிவங்கள் என்னிடம் வரும், மாதத்துக்குச் சில நூறு. இங்கே எல்லாரும் அனுப்புவதைப் பற்றியே பேசுகிறீர்கள்.

அச்சடித்துத் தட்டையாக்கிய படிவம் வந்தால் அதை நான் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். புலங்களோடு வந்தால் பிடிஎஃப்டிகேயின் ஒரு கட்டளையில் எல்லாப் புலத்தின் பெயரும் மதிப்பும் பட்டியலாகக் கொட்டும், அப்படியே விரிதாளுக்குப் போய்விடும். திரையில் கொம்பு எங்கே நிற்கிறது என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. எழுத்தாணி சொன்ன அந்த மதிப்பு சரியாக இருந்தால் என் விரிதாளில் உங்கள் பெயர் முத்து முத்தாக விழும். நிறையப் பேர் திரையில் அசிங்கமாகத் தெரிகிறதே என்று படமாக்கி அனுப்பி, உள்ளே இருந்த நல்ல தரவைக் கொன்றுவிடுகிறார்கள்.

இவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று தெரியாதே, அதனால் இரண்டு கோப்பாக அனுப்புங்கள். புலங்களோடு ஒன்று, பார்வைக்குத் தட்டையானது ஒன்று, பெயரிலேயே எது எது என்று எழுதிவிடுங்கள். எந்த அலுவலரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பென்குயின்மாமா

காவலர் சொன்னதற்கு ஒரு கை தட்டல். ஒரு சின்ன ஒட்டு: பிடிஎஃப்டிகே வழியாக ஸ்கிரிப்டில் படிவங்களை நிரப்புகிறவர்கள் நீட் அப்பியரன்சஸ் என்ற கொடியையும் சேர்த்துவிடுங்கள், "தோற்றத்தை நீயே புதிதாக வரைந்துகொள்" என்று அடோபியிடம் சொல்வது அது. ஆங்கிலம் அல்லாத எழுத்துக்கு அதுவே நல்லது. தட்டையாக்கும் விருப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தால் வேலை செய்யாது.

இன்னொன்று, யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். சில படிவங்களில் தொகைகள் தானாகக் கூட்டப்பட வேண்டும், அது ஜாவாஸ்கிரிப்டில் ஓடுகிறது. எவின்ஸ் அதை ஓட்டாது, கூட்டுத்தொகைக் கட்டம் காலியாகவே கிடக்கும், நீங்களும் கவனிக்காமல் அனுப்பிவிடுவீர்கள். ஃபயர்பாக்ஸ் 2021 ஏப்ரலில் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்து ஓட்டுகிறது. அதனால்தான் பிடிஎஃப்இன்ஃபோவில் ஜாவாஸ்கிரிப்ட் வரியையும் ஒரு பார்வை பார்ப்பது.

பழையபெட்டி

ஒரு காலத்தில் அடோபி ரீடரே நிரப்பியதைச் சேமிக்க விடாது, தெரியுமா? படிவம் செய்தவர் விசேஷ அனுமதி கொடுத்திருந்தால் மட்டும்தான். 2012-இல் பதினோராம் பதிப்பு வந்துதான் அந்த விலங்கு கழன்றது. அதுவரை ஆறு பக்கத்தை ஒரே மூச்சில் நிரப்பி, பிரிண்ட் கொடுத்து, மூடினால் எல்லாம் போச்சு. தாள்கிழிப்பவருக்கு அந்தப் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டதாக இருக்கும்.

தாள்கிழிப்பவன்

இருக்கலாம் 😐

அரைத்தூக்கம்

தாமதத்துக்கு மன்னிக்கவும். காவலர் சொன்னபடி இரண்டு கோப்பும் அனுப்பினேன். ஒன்று ஃபயர்பாக்ஸில் சேமித்தது, தமிழ்ப் பெயர் கட்டத்துக்குள்ளேயே, கொம்பு எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். மற்றது அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுச் சேமித்த பிரதி, அதன்மேல் ஜர்னல் பிளஸ் பிளஸ்ஸில் பெயரை எழுதி ஏற்றுமதி செய்தேன். (காலியாக விடாமல் முதலில் மேலேயே எழுதி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெயர் வந்தது தனிக் கதை.)

பதில் வந்துவிட்டது. "படிவம் கிடைத்தது, விவரங்கள் சரியாக உள்ளன. நான்காம் பக்கத்தில் கையெழுத்து இல்லை."

எழுத்தாணி

அது டிஜிட்டல் கையெழுத்துப் புலமா, வெறும் கோடா?

அரைத்தூக்கம்

வெறும் கோடுதான்.

எழுத்தாணி

அப்படியானால் ஒன்றும் இல்லை. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து, ஓரங்களை வெட்டிவிடுங்கள். அதே கோப்பை ஃபயர்பாக்ஸில் திறந்து மேலே படம் சேர்க்கும் குறியை அழுத்தினால் கோட்டின்மேல் இழுத்து வைக்கலாம், 119-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. புலங்களோடு இருக்கும் கோப்பில் வையுங்கள், தட்டையானதில் மட்டும் வைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அரைத்தூக்கம்

வைத்துவிட்டேன். இரண்டிலும். நாலாவது முறை அனுப்பியாயிற்று.